மீட்டர் வெளிச்சம்

மேல் வீட்டு அக்கா கதவிடம்கூட மன்னிப்புக் கேட்பார். இரண்டு கையிலும் பையோடு படியேறி வருவார், தோளால் கதவை இடித்துத் திறப்பார், திறந்த மறுநொடி 'சாரிமா' என்பார். கீழ் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அவர் யாரிடம் பேசுகிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. மாடியில் யாரோ சின்னப் பெண் இருக்கிறாள், பாவம், தினமும் இடிபடுகிறாள் என்றே நினைத்திருந்தேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. கீழே ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சமையல் மேடையும் எனக்கு. மேலே அக்காவும் அவர் கணவரும். மகளைக் கட்டிக்கொடுத்து மைசூருக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு சாரி, குத்தும்போது ஒரு சாரி, பஞ்சை வைத்து அழுத்தும்போது இன்னொரு சாரி. அவர் கையால்தான் ரத்தம் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் இருந்தார்களாம். நம்மைக் குத்துகிறவர்கள் யார் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்?

மின்சாரம் போனால் அவர்தான் காரணம். இப்போதுதான் மிக்ஸி போட்டேன் என்பார். தண்ணீர் லாரி வராவிட்டாலும் அப்படித்தான். ஒருநாள் திடீரென்று மழை கொட்டியது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அக்கா, மழைக்கும் நீங்கதானா?" என்று கீழேயிருந்து கத்தினேன். "ஆமாம்மா, இப்பத்தான் போர்வை நனைச்சுக் காயப்போட்டேன். அதான் வந்துடுச்சு. என் மேலதான் தப்பு" என்றார் சிரித்துக்கொண்டே. தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவர். அதனால்தான் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

என் அலுவலகம் டொம்லூரில். சாயங்காலம் அக்கா காரில் வரும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். கார் வயதானது. முன்னால் யாரோ வைத்திருந்ததைச் சார் வாங்கிப் பல வருடம் ஓட்டியிருந்தார். சார் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் அவருக்கு வேலை. வலது கால் முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு பிரேக்கை அழுத்த முடியாமல் போயிற்று. அதனால் அக்காவே வண்டி கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் சார்தான்.

டொம்லூரிலிருந்து ஆஸ்டின் டவுன் பக்கம்தான். ஆனால் சாரை ஏற்றுவதற்காக அல்சூர் வரைக்கும் சுற்றிக்கொண்டு போவோம். அதுவரை நான் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அக்கா அப்போது வேறு ஆளாக இருப்பார். ஏதாவது பாட்டை முணுமுணுப்பார், குறுக்கே வரும் பைக்காரனைக் கன்னடத்தில் திட்டுவார், திட்டிவிட்டு அவனுக்குக் கேட்காத சாரி ஒன்றும் சொல்லிக்கொள்வார். ஏரிக்கரையில் சார் நிற்பது தெரிந்ததும் நான் இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விடுவேன். சார் முன்னால் ஏறுவார். கைத்தடியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்துவார். அப்புறம் மீட்டரைப் படிக்க ஆரம்பிப்பார்.

படிப்பது என்றால் நிஜமாகவே படிப்பதுதான்.

"முப்பத்தஞ்சு... முப்பத்தெட்டு... ம், நாப்பத்திரெண்டு ஆச்சு பாரு. யாரு தொரத்தறாங்க உன்ன?"

"சாரிங்க."

"இப்ப இருவது. பின்னால வர்றவன் திட்டமாட்டானா?"

"சாரிங்க."

"பெட்ரோல் முள்ளு பாத்தியா? சூட்டு முள்ளு? எல்லாத்தயும் நானே சொல்லணுமா?"

பெங்களூர் போக்குவரத்தில் நாற்பதைத் தொடுவதே அபூர்வம். அதையும் அந்த மனிதர் விட்டுவைக்க மாட்டார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலையில் எழுந்து அக்காவுக்கு காபி போட்டுக் கொடுப்பது அவர்தான். நொண்டி நொண்டி வந்து கார் கண்ணாடியைத் துடைத்து வைப்பதும் அவர்தான். ஆனால் காரில் ஏறிவிட்டால் அவருக்குள் இருந்த டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிடுவான். கால்தான் போயிற்று, வாய் போகவில்லையே.

எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஓசிப் பயணம் வேறு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டு எதுவும் போடாமல் உட்கார்ந்திருப்பேன். பெரியவர்கள் திட்டு வாங்குவதைப் பார்க்க நேர்ந்தால், வாங்குகிறவரைவிடப் பார்க்கிறவருக்குக் கூச்சமாக இருக்கும். வீடு வந்ததும் சார் மெதுவாகப் படியேறிப் போவார். அக்கா பின்தங்கி நின்று என்னிடம், "சாரிம்மா, உன் காதுலயெல்லாம் விழுந்துடுச்சு" என்பார். அவர் சொன்ன சாரிகளிலேயே எனக்குத் தாங்க முடியாதது அதுதான். தப்பு செய்யாதவர், அந்தத் தப்பு இல்லாத தப்புக்குத் திட்டு வாங்கி, அது என் காதில் விழுந்ததற்கும் வெட்கப்பட்டு நிற்பார். பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன் அக்கா, ஒன்றும் கேட்கவில்லை என்பேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருமுறை டொம்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஓர் ஆட்டோ வந்து முட்டியது. ஆட்டோக்காரர் முகம் வெளிறிப்போய் இறங்கினார். அதற்குள் அக்கா ஓடிப்போய், "சாரி அண்ணா, நந்தே தப்பு" என்று கன்னடத்தில் தப்பைத் தன் மேலேயே போட்டுக்கொண்டுவிட்டார். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, கிடைத்ததை ஏன் விடுவது என்று நினைத்தாரோ என்னவோ, "நோட்கொண்டு ஓடிஸ்பேக்கல்வா மேடம்" என்று ஓர் அதட்டுப் போட்டுவிட்டுப் போனார். பார்த்து ஓட்ட வேண்டாமா என்று கேட்கிறார். நின்றுகொண்டிருந்த காரை எப்படிப் பார்த்து ஓட்டுவது என்று அக்காவிடம் சண்டை போட்டேன். "போகட்டும் விடும்மா, பாவம், பயந்துட்டாரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு இறங்கி பஸ்ஸில் போய்விடலாம் போலிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம். அல்சூரில் சார் ஏறினார், தடியை நிறுத்தினார், மீட்டரைப் பார்த்தார். அங்கே இருட்டு. ஹெட்லைட் எரிகிறது, உள்ளே மீட்டரில் மட்டும் வெளிச்சம் இல்லை. எந்த முள் எங்கே நிற்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி இது?"

"தெரியலயேங்க. சாரிங்க."

"எவ்ளோ போற இப்ப?"

"லைட்டு இல்லயேங்க, தெரியலயே."

அன்று காருக்குள் இருந்த அமைதியை எப்படிச் சொல்வது! சார் இரண்டு மூன்று முறை வாயைத் திறந்து மூடினார். தெருவிளக்குக்கு அடியில் போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டி முள்ளைப் பிடிக்கப் பார்த்தார். அவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் விளக்கு தாண்டிப் போய்விடும். கடைசியில் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார். மீட்டர் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் அக்கா கண்ணில் அடித்தது, அக்கா பிரேக் போட்டார், நான் முன் சீட்டில் போய் மோதினேன். அதோடு டார்ச்சையும் அணைத்துவிட்டார். வண்டி என்னவோ என்றைக்கும்விட நன்றாகத்தான் போயிற்று.

மறுநாள் டொம்லூரில் ஏறினால் மீட்டர் பளிச்சென்று எரிகிறது. "சரியாயிடுச்சா அக்கா?" என்றேன். அக்கா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். ஏரி கண்ணில் பட்டதும் அவருடைய வலது கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போயிற்று. கதவுப் பக்கமாக, முழங்காலுக்கு மேலே, பொத்தான் அளவில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதை விரலால் உருட்டினார். மீட்டர் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அணைந்தது.

நான் அவரையே பார்த்தேன்.

"தூசு தொடைக்கறப்ப பட்டுச்சும்மா. வெளிச்சத்தக் கொறைக்கறதுக்காம்" என்றார். திருட்டு மாங்காய் தின்ற பெண்ணின் முகம் அவருக்கு. "யார்கிட்டயும் சொல்லிடாத. என் மேலதான் தப்பு."

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே அவர் மேல் தப்பு. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சாருக்கு அந்தச் சக்கரம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஹெட்லைட்டை ஏற்றி இறக்குவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஓட்டிய காலமெல்லாம் அதைத் தொட்டதே இல்லை. இப்போது அது டிரைவர் பக்கம், அவரோ இந்தப் பக்கம்.

ஆனால் அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சந்தில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினார். என்னைப் பின்னால் நிற்க வைத்து, "ஏம்மா, செவப்பு லைட்டு எரியுதா?" என்றார். எரிந்தது. பின்விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ்தான், அது எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்று விளக்கினார். அந்த வரைக்கும் சரியாகத்தான் யோசித்தார். பல்பு போயிருந்தால் ஒன்று போகும், எல்லாம் ஒரே நாளில் எப்படிப் போகும்? அதையும் சரியாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "எலி. ஒயரைக் கடிச்சிடுச்சு" என்று முடிவு சொன்னார்.

எலியை விரட்டுவதற்கு பானெட்டுக்குள் நாப்தலின் உருண்டைகளைத் துணியில் முடிந்து தொங்கவிட்டார். அதற்குப் பிறகு காரில் ஏறினால் பழைய பட்டுப்புடவைப் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுத்த ஞாயிறு மீட்டரையே கழற்றினார். முட்டியை மடக்க முடியாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தபடி வேலை செய்தார். அக்கா டார்ச் பிடித்தார். "கையை ஆட்டாத, கையை ஆட்டாத" என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார். கை ஆடத்தானே செய்யும்? அந்தக் கைதானே அணைத்தது? மத்தியானம் வரைக்கும் போராடி, ஒயர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, மீட்டரைத் திரும்ப மாட்டினார். வெளிச்சம் வரவில்லை. புதிதாக, பெட்ரோல் முள்ளும் படுத்துவிட்டது.

அந்த முள்ளைப் பார்ப்பது எப்போதும் சாரின் வேலை என்பதால், அது எங்களுக்கு டிரினிட்டி சர்க்கிளில்தான் தெரிந்தது. சிக்னல் பச்சை விழுந்த நேரம் வண்டி இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் காலி. பின்னால் பஸ், பைக், ஆட்டோ, எல்லாம் ஒரே நேரத்தில் ஹார்ன். அக்கா இறங்கி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக் கும்பிட்டு, "சாரி, சாரி, நந்தே தப்பு" என்றார். போக்குவரத்துக் காவலர் வந்தார். அவரும் நானும் அக்காவும் தள்ளினோம். சாரால் தள்ள முடியாது. ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு திருப்பினார். மூன்று பேர் தள்ள, அவர் மட்டும் உள்ளே இருக்க, போகிற வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பைக்காரன், "அங்கிள், நீங்களும் இறங்கலாமே" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனான். சார் தடியை எடுத்து ஜன்னலில் தெரிகிற மாதிரி மேலே பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த அக்கா தள்ளுவதை நிறுத்திவிட்டார். காவலர் "தள்ளி மேடம்" என்று கன்னடத்தில் கத்திய பிறகுதான் மறுபடி கை வைத்தார்.

அன்று படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"சொல்லிடட்டுமாம்மா?"

"சொல்லிடுங்க அக்கா."

"இப்ப சொன்னா, இத்தன நாளா அவர படுக்க வெச்சு வேடிக்க பாத்தேன்னு ஆயிடாதா? எலிக்கு உருண்ட கட்டிட்டு வந்து கை கழுவுறாரு, எனக்கு அப்பவே என்னமோ மாதிரி ஆயிடுச்சு." கொஞ்சநேரம் படியில் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "ஆனா சொல்லிட்டா மறுபடி ஆரம்பிச்சிடுவாரேம்மா. இந்தக் கொஞ்ச தூரந்தான் காதுக்கு ஓய்வு."

அக்காவுக்கு அந்த இருட்டு வேண்டியிருந்தது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மன்னிப்பு மட்டும்தான் கேட்டுப் பழக்கம். "பாத்துக்கலாம் அக்கா" என்றேன், அதில் பாதி கொட்டாவி.

சனிக்கிழமை சாயங்காலம் நீலசந்திராவில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற ஒரு பாயிடம் போனோம். கடையை ஒட்டி டீக்கடை. டீக்கடைக் கூட்டம் முழுக்க எங்கள் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் மீட்டரைத் தட்டினார், குனிந்து பார்த்தார், நாப்தலின் வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரு ஸாப் இத தொறந்தது?"

சார் தான் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். பின்விளக்குச் சோதனை, எலி, ஒயர். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். பாய்க்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் குரல் ஏறுகிற ரகம் அவர்.

"க்யா ஸாப் நீங்கோ! வயசானவரு, வீட்ல டிவி பாத்துனு இருக்காம இதுல ஏன் கை வெக்கறீங்கோ? மொத்தமும் நீங்கதான் கெடுத்துட்டீங்கோ. இப்ப டேஷ்போர்டு முழுசா கழட்டணும். வண்டிய உட்டுட்டுப் போங்கோ."

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சார் தடியின் பிடியைத் தேய்த்தார். அவர் பாயைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

"சாரி பாய்" என்றார் சார். "என் மேலதான் தப்பு."

அச்சு அசல் அக்காவின் வார்த்தை. செய்யாத தப்புக்கு, நாலு பேருக்கு நடுவில், தலையைக் குனிந்து. இத்தனை வருடமும் காதில் விழுந்து விழுந்து அவருக்குள்ளேயும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மாடியிலிருந்து யாராவது குதிக்கப் போவதைப் பார்த்தவர் போல இருந்தது அது.

விறுவிறுவென்று போய் டிரைவர் கதவைத் திறந்தார். குனிந்து விரலை வைத்து உருட்டினார். மீட்டர் முழுதும் எரிந்தது. பெட்ரோல் முள் மட்டும் படுத்திருந்தது.

"அவரு ஒண்ணும் கெடுக்கல பாய். நான்தான் கொறச்சு வெச்சேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் மீதியை எதிர்பார்த்தோம். கதவுக்கும் மழைக்கும் ஆட்டோவுக்கும் சொன்ன சாரியை அவர் இங்கே சொல்வார் என்று நான் மட்டுமா, சாரும் காத்திருந்தார். வரவில்லை. உண்மையாகவே தப்பு செய்த ஒரே இடத்தில் அக்கா அதைச் சொல்லவில்லை.

"ஏன்?" என்றார் சார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"நீங்க படிக்காம வரணும்னுதான்."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் டீக்கடை வெடித்துச் சிரித்தது. "மேடம் சூப்பர்!" என்று ஒருவர் கிளாசைத் தூக்கிக் காட்டினார். பாய் தொடையைத் தட்டிக்கொண்டு, "க்யா பாத் ஹை! ஸாப், எங்க வீட்லயும் ஒரு சக்கரம் வெக்கணும்" என்றார். பாவம், பாய் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா செய்ய நினைத்தது ஒன்று. சார் தலையைக் குனிந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் அவரைக் காப்பாற்றப் போனார். காப்பாற்றப் போய், கார் கெடுத்த கிழவர் என்ற சின்ன அவமானத்திலிருந்து எடுத்து, பெண்டாட்டியை நிம்மதியாக ஓட்டவிடாதவர் என்ற பெரிய அவமானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அது அவருக்கே அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

பாய் மீட்டரை இழுத்து ஒரு சாக்கெட்டை அழுத்தினார். பெட்ரோல் முள்ளும் எழுந்தது. சார் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, யாரிடமும் இல்லாமல், "நான் எலின்னு நெனச்சேன்" என்றார்.

திரும்பும்போது அவர் முன் கதவைத் தொடவில்லை. பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நான் முன்னால் உட்கார்ந்தேன். அந்த இடம் அன்று எனக்குச் சுட்டது. நீலசந்திராவிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்தான். போய்ச் சேரவே மாட்டோம் போலிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து சார் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். ஆபீசில் நேரம் ஆகிறதாம், தனக்காக ஏன் சுற்ற வேண்டுமாம். காபி மட்டும் வழக்கம்போல் காலையில் போட்டு வைத்தார். அக்காவும் நானும் டொம்லூரிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தோம். மீட்டர் முழு வெளிச்சத்தில் எரிந்தது. அக்கா ஜெயித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "இனிமே நிம்மதிதான் அக்கா, பாட்டு பாடிட்டே போலாம்" என்றேன்.

அக்கா பாடவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு சிக்னலில் ஹார்ன் சத்தம் ஓய்ந்தபோதுதான் எனக்குக் கேட்டது.

"முப்பத்தஞ்சு... முப்பத்தெட்டு... நாப்பத்திரெண்டு ஆச்சு பாரு."

கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல் இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒருநாள் நல்ல மழை. டொம்லூரில் என்னை ஏற்றிய அக்கா வீட்டுப் பக்கம் திரும்பாமல் அல்சூர் பக்கம் திருப்பினார். ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் ஒரே கூட்டம். பஸ் ஒன்று வந்து நின்றது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். சார் ஒரு கையில் குடையும் ஒரு கையில் தடியுமாகப் படிவரை போனார். படி உயரம். எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பது என்று பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. அவர் பழையபடி பின்னால் வந்து நின்றுகொண்டார். அது முதல் பஸ் இல்லை என்பது அவர் நனைந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

அக்கா காரை அவருக்கு நேர் எதிரில் நிறுத்தினார். சார் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே ஒட்டியிருந்த ஏதோ சுவரொட்டியை மிகவும் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. அக்கா கண்ணாடியை இறக்கி மழையில் கையை நீட்டி, "சாரி, சாரி" என்று பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் நகரவில்லை.

பிறகு அவருடைய வலது கை கீழே போயிற்று. மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. காருக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டு. அக்கா அவரைக் கூப்பிடவில்லை. நான் அவசரமாக இறங்கி முன் கதவைத் திறந்து பிடித்தேன். சார் வந்தார். என்னைப் பார்க்காமல், "நீ உக்காரும்மா, நனையாத" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். குடையை மடக்க முடியாமல் கொஞ்சநேரம் தடுமாறுகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் நின்ற பிறகு வண்டியை எடுத்தார்.

டிரினிட்டி வரைக்கும் மழையும் வைப்பரும்தான் பேசின. சர்க்கிளைத் தாண்டியதும் அக்கா தொண்டையைச் செருமினார்.

"நாப்பதுலதாங்க போறேன்" என்றார், இருட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே.



"நான் ஒண்ணும் கேக்கலயே" என்றார் சார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"சாரிங்க" என்றார் அக்கா.

மீட்டரில் வெளிச்சம் இல்லாதது அன்று மூன்று பேருக்கும் உதவியாக இருந்தது.